வாய்ப்பேச்சு ஒப்பந்தம் முறிந்து வழக்கு வந்தால், எதிர்வழக்குக்கு எவ்வளவு காலம்?

மலேசியாவில் சுங்கை சிப்புட், லூனாஸ், பீடோர் போன்ற, பழைய தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த ஊர்களில் இன்றும் நிறைய ஏற்பாடுகள் வாய்ச்சொல்லில்தான் நடக்கின்றன. செம்பனை வெட்ட ஆள் விடுவது, குலை ஏற்ற லோரி பேசுவது, வீட்டுக்குக் கூரை மாற்றுவது, கல்யாணச் சமையல் பேசுவது எல்லாம் அப்படித்தான். பேச்சு சரியாக நடக்கும் வரை யாரும் தாள் கேட்பதில்லை. முறிந்த பிறகும் பல வருடம் முணுமுணுப்போடு போய்விடும். பிறகு ஒருநாள் நீதிமன்றத் தாள் வீட்டுக்கு வரும். "எனக்கும் அவர் நஷ்டம் வைத்தாரே, நானும் திருப்பிக் கேட்கலாமா, அதற்குக் காலம் தாண்டிவிட்டதா?" என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது.

இதற்குப் பதிலாக ஊரில் மூன்று பேச்சு உலவுகிறது. எழுத்து இல்லாவிட்டால் வழக்கே நிற்காது என்பது ஒன்று. ஆறு வருடம் ஆனால் எல்லாம் தானாக ரத்து என்பது இரண்டாவது. அவர் வழக்குப் போட்டால் நம்முடைய பழைய கணக்குக்கும் உயிர் வந்துவிடும் என்பது மூன்றாவது. முதலாவது தவறு. மற்ற இரண்டும் பாதி மட்டுமே சரி, மீதிப் பாதியில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள்.

வாய்ப்பேச்சு செல்லுமா?

செல்லும். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு எழுத்தைக் கட்டாயமாக்கவில்லை. இருவரும் தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும், மனமொத்துச் சம்மதித்திருக்க வேண்டும், ஒருவர் தருவதற்கு ஈடாக மற்றவர் ஏதாவது தர வேண்டும், நோக்கம் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். இவை இருந்தால் அது ஒப்பந்தம். மூன்று ஆண்டுக்கு மேற்படாத நில வாடகையைக்கூட வாய்மொழியாகவே பேசிக்கொள்ள நிலச் சட்டம் இடம் தருகிறது.

விலக்குகள் உண்டு. தவணையில் பொருள் எடுக்கும் வாடகைக் கொள்முதலுக்கும், உரிமம் பெற்ற வட்டிக்கடைக் கடனுக்கும் எழுத்து வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் சொல்கிறது. பலர் சேர்ந்து பணம் போட்டு முறைவைத்து எடுக்கும் கூட்டுப் பணம் இவை எல்லாவற்றிலிருந்தும் வேறு. அதைத் தொழிலாக நடத்துவதே 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதால் இந்தக் கட்டுரையின் கணக்கு அதற்குப் பொருந்தாது. அதேபோல, வேலையிலிருந்து அநியாயமாக நீக்கப்பட்ட தொழிலாளி 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். அவர் ஆறு வருடம் இருக்கிறது என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

ஆறு ஆண்டு எங்கிருந்து தொடங்குகிறது?

1953-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின் 6-ஆவது பிரிவுதான் அடிப்படை. ஒப்பந்த மீறலுக்கு வழக்குத் தொடர 6 ஆண்டு. வாய்மொழி, எழுத்து என்ற வேறுபாடு இதில் இல்லை. இது தீபகற்ப மலேசியாவுக்கான கணக்கு. சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித்தனிக் காலவரையறைச் சட்டங்கள் இருக்கின்றன. அங்கே நடந்த பேரத்துக்கு இங்கே உள்ள ஆறு வருடத்தை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் குழப்பம் அதிகம்.

1. பேசிய நாளிலிருந்து எண்ணுவதில்லை. பேச்சு மீறப்பட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். கூட்டரசு நீதிமன்றம் 1971-இல் வெளியான நஸ்ரி எதிர் மேசா தீர்ப்பில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

2. நஷ்டம் நமக்குத் தெரியவந்த நாளும் பொதுவாகக் கணக்கில் வராது. எதிராளி மோசடியால் மறைத்திருந்தால் மட்டும் 29-ஆவது பிரிவு உதவும். அப்போது மோசடி தெரிந்த நாள், அல்லது ஓரளவு கவனமாக இருந்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாள், தொடக்கமாகும்.

3. மாதா மாதம் கொடுக்க வேண்டிய பணம் என்றால் ஒவ்வொரு மாதத் தவணைக்கும் தனித்தனி ஆறு வருடம். "மொத்தப் பாக்கி" என்று ஒரே கட்டாகப் பார்த்தால் கணக்கு தப்பும்.

4. தேதி சொல்லாமல், "இருக்கும்போது கொடு" என்று கைமாற்றாகக் கொடுத்த கடனில், கேட்ட நாளிலிருந்துதான் காலம் தொடங்கும் என்று காத்திருப்பது ஆபத்து. கொடுத்த நாளையே தொடக்கமாக வைத்துக்கொள்வது பத்திரம்.

எதிர்வழக்கின் காலம் எந்த நாளில் நிற்கிறது?

எதிர்வழக்கு என்பது நம்மீது வந்த அதே வழக்குக்குள், நம் எதிர்வாதத்தோடு சேர்த்து, நாம் வாதிமீது வைக்கும் கோரிக்கை. ஒரே கோப்பில் இருந்தாலும் சட்டம் அதைத் தனி வழக்காகவே பார்க்கிறது. எனவே அதற்கும் சொந்தமாக ஆறு ஆண்டு உண்டு, வாதி நம்மிடம் பேச்சை மீறிய நாளிலிருந்து.

ஆனால் ஒரு முக்கியமான சலுகை இருக்கிறது. எதிர்வழக்கை நாம் எந்த நாளில் தாக்கல் செய்தாலும், மூல வழக்கு தாக்கலான அதே நாளில் அதுவும் தாக்கலானதாகக் காலவரையறைச் சட்டம் கொள்கிறது. அவர் ஆறாவது வருடத்தின் கடைசி வாரத்தில் வழக்குப் போட்டு, நாம் பதில் தயாரிப்பதற்குள் நம் காலத்தைத் தீர்த்துவிட முடியாது. இந்தச் சலுகை அந்த நாள் வரைக்கும்தான். அதற்கு முன்பே செத்துப்போன கோரிக்கையை இது எழுப்பாது.

ஒரு கற்பனை உதாரணத்தைத் தேதியோடு பார்க்கலாம். சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒருவருக்கு 30 ஏக்கர் செம்பனை இருக்கிறது. 2017 மார்ச்சில் ஒரு லோரிக்காரரோடு வாய்ப்பேச்சு: 15 நாளுக்கு ஒருமுறை ஆள் விட்டுக் குலை வெட்டி ஆலைக்கு ஏற்ற வேண்டும், டன் கணக்கில் கூலி, மாதக் கடைசியில் பணம்.

2018 மே, ஜூன் இரண்டு மாதமும் லோரிக்காரர் வரவில்லை. பழம் மரத்தடியில் உதிர்ந்து அழுகியது. நில உரிமையாளரின் கணக்கில் நஷ்டம் 15,000 வெள்ளி (ரிங்கிட்). ஆனாலும் ஏற்பாடு தொடர்ந்தது. 2019 ஜூலை முதல் டிசம்பர் வரை நில உரிமையாளர் கூலி கொடுக்கவில்லை. மாதம் 1,800 வீதம் 10,800 வெள்ளி பாக்கி. பிரியும்போது, லோரி உடைத்த சிறு பாலத்தை 2020 ஜனவரி 5-க்குள் கட்டித் தருகிறேன் என்று லோரிக்காரர் சொன்னார், கட்டவில்லை. அதற்கு 6,000 வெள்ளி செலவு.

லோரிக்காரர் 2025 நவம்பர் 20-ஆம் தேதி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 10,800 வெள்ளி கேட்டு வழக்குத் தாக்கல் செய்கிறார். 1 இலட்சம் வெள்ளி வரை அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தாள் நில உரிமையாளர் கைக்கு டிசம்பர் 15-ஆம் தேதி வருகிறது. அவர் எதிர்வாதத்தையும் எதிர்வழக்கையும் 2026 ஜனவரி 12-ஆம் தேதி தாக்கல் செய்கிறார்.

இப்போது ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. அழுகிய பழத்துக்கான 15,000 வெள்ளி. மீறல் 2018 ஜூன் கடைசியோடு முடிந்தது, ஆறு ஆண்டு 2024 ஜூன் கடைசியில் தீர்ந்தது. மூல வழக்கு வந்ததே 2025 நவம்பரில். இந்தக் கோரிக்கைக்குக் காலம் கடந்துவிட்டது. "அவர் கணக்கில் கழித்துக்கொள்கிறேன்" என்று நேர்க்கழிவாகக் கேட்டாலும் சட்டம் அதே அளவுகோலை வைக்கிறது.

2. பாலத்துக்கான 6,000 வெள்ளி. மீறல் 2020 ஜனவரி 6. தனி வழக்காகப் போடுவதென்றால் 2026 ஜனவரி 6-உடன் சரி. ஜனவரி 12-ஆம் தேதி ஆறு நாள் தாமதம். எதிர்வழக்காகப் போட்டதால் அது 2025 நவம்பர் 20-ஆம் தேதியே தாக்கலானதாகக் கொள்ளப்படுகிறது. கோரிக்கை பிழைத்துவிட்டது.

3. லோரிக்காரரின் 10,800 வெள்ளி. இதைத்தான் பெரும்பாலும் யாரும் கூர்ந்து பார்ப்பதில்லை. ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் நான்கு மாதக் கூலிக்கும் 2025 அக்டோபர் கடைசிக்குள் காலம் முடிந்துவிட்டது. நவம்பர், டிசம்பர் கூலி 3,600 வெள்ளி மட்டும்தான் உயிரோடு இருக்கிறது.

ஆக இருவரும் தங்கள் கோரிக்கையை நிரூபித்தால், 6,000-இல் 3,600 போக, வழக்குப் போட்டவரே 2,400 வெள்ளி கொடுக்க வேண்டிய நிலை வரும்.

ஆனால் ஒரு நிபந்தனை. காலம் கடந்துவிட்டது என்பதை நீதிமன்றம் தானாக எடுத்துச் சொல்லாது. காலவரையறைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி அதை எதிர்வாதத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும். நில உரிமையாளர் எழுதாவிட்டால் 10,800 முழுவதும் விசாரணைக்குப் போகும். எதிர்வழக்குக்குப் பதில் தரும்போது லோரிக்காரர் எழுதாவிட்டால், காலம் முடிந்த அந்த 15,000-உம் விசாரணைக்குப் போகும். ஆறு வருடத்தில் எல்லாம் தானாக ரத்து என்று நம்பிச் சும்மா இருப்பவர்கள் விழும் குழி இதுதான். தாளை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "பழைய கணக்கு, செல்லாது" என்று பேசாமல் இருந்தால், செல்லாத கணக்குக்கும் தீர்ப்பு வந்துவிடும்.

எதிர்வழக்குக்குத்தான் காலவரையறை, எதிர்வாதத்துக்கு இல்லை. "அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை", "அந்த மாதம் அவர் வேலையே செய்யவில்லை, அதனால் கூலி கிடையாது", "பணத்தை ஏற்கனவே கொடுத்துவிட்டேன்" என்று மறுப்பதற்கு எத்தனை வருடம் ஆனாலும் தடை இல்லை.

தாள் கைக்கு வந்த பிறகு ஓடும் நாட்கள்

ஆறு ஆண்டுக் கணக்கு ஒருபக்கம். தாள் வந்த பிறகு நீதிமன்ற விதிகளின்படி இன்னொரு கணக்கு தொடங்குகிறது. இது நாட்களில் ஓடும், மிக வேகமாகத் தீரும். 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகள் சொல்வது இது:

1. தாள் கிடைத்து 14 நாளுக்குள், வழக்கை எதிர்கொள்கிறேன் என்று தெரிவிக்கும் முன்னிலைப் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும்.

2. கோரிக்கை விவரம் சம்மனோடு சேர்ந்தே வந்திருந்தால், அந்த 14 நாள் முடிந்து அடுத்த 14 நாளுக்குள் எதிர்வாதம். எதிர்வழக்கும் அதோடு சேர வேண்டும். மேலே உள்ள உதாரணத்தில் டிசம்பர் 15, டிசம்பர் 29, ஜனவரி 12 என்று வந்தது இப்படித்தான்.

3. எதிர்வழக்குக்கு வாதி 14 நாளில் பதில் தர வேண்டும்.

முதல் 14 நாளைத் தவறவிட்டால் வாதி நேரடியாக ஒருதலைத் தீர்ப்பு வாங்கிவிடலாம். அதை ரத்து செய்யக் கேட்க, தீர்ப்பு கைக்கு வந்து 30 நாள் உண்டு. தீர்ப்பை 12 ஆண்டு வரை நிறைவேற்றலாம் என்பதால், இது மறந்துவிடக்கூடிய தாள் அல்ல.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாள் நம் கைக்கு வந்த தேதியை வைத்துக் காலவரையறை கணக்கிடுவதில்லை. வழக்கு நீதிமன்றத்தில் பதிவான தேதிதான் கணக்கு. பதிவான சம்மனைச் சேர்ப்பிக்க ஆறு மாதம் வரை அவகாசம் இருக்கிறது. எனவே "ஆறு வருடம் முடிந்து இரண்டு மாதம் கழித்துத்தானே வந்தது" என்று மகிழ்வதற்கு முன், தாளில் உள்ள நீதிமன்ற முத்திரையின் தேதியைப் பாருங்கள்.

எதிர்வழக்கைப் பார்த்ததும் வாதி தன் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டால்? நம் எதிர்வழக்கு அதோடு போய்விடாது. மூல வழக்கு வாபஸ் ஆனாலும், தள்ளுபடி ஆனாலும் அது தனியே நடக்கலாம்.

எது காலத்தை நீட்டும், எது நீட்டாது?

நீட்டாதவற்றின் பட்டியல்தான் நீளம். வழக்கறிஞர் கடிதம் காலத்தை நிறுத்தாது. போலீஸ் புகாரும் நிறுத்தாது. தோட்டத்துக் கோவில் கமிட்டித் தலைவர் முன்னால் உட்கார்ந்து பேசியதும், அடுத்த தீபாவளிக்குள் முடித்துத் தருகிறேன் என்ற வாய்வார்த்தையும் நிறுத்தாது. சமரசம் பேசுவது நல்லதுதான், சிறிய ஊரில் முகம் பார்த்து வாழ வேண்டியவர்களுக்கு அதுவே முதல் வழியாகவும் இருக்க வேண்டும். ஆனால் பேச்சுவார்த்தை நடக்கும் ஒவ்வொரு நாளும் ஆறு வருடத்திலிருந்துதான் கழிகிறது. நல்ல மனதோடு மூன்று வருடம் பொறுத்தவர் அந்த மூன்று வருடத்தையும் சட்டத்திடம் திரும்பக் கேட்க முடியாது.

கோவிட் காலத்தை மொத்தமாகக் கழித்துவிடுவார்கள் என்றும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. 2020-இல் வந்த தற்காலிகச் சட்டம், 2020 மார்ச் 18-க்கும் ஆகஸ்டு 31-க்கும் இடையில் முடியவிருந்த காலவரையறைகளை மட்டும் அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை நீட்டியது. அந்த இடைவெளியில் முடியாத கணக்குகளுக்கு அதில் எதுவும் இல்லை.

உண்மையிலேயே காலத்தைப் புதுப்பிப்பவை இரண்டு. காலவரையறைச் சட்டத்தின் 26, 27-ஆவது பிரிவுகள் இவற்றைச் சொல்கின்றன.

1. பகுதிப் பணம். உதாரணத்தில் உள்ள நில உரிமையாளர் 2021 மார்ச்சில், பழைய பாக்கி முழுவதுக்கும் சேர்த்து என்று சொல்லி 1,000 வெள்ளி வங்கியில் போட்டிருந்தால், அந்தப் பாக்கிக்கு அன்றிலிருந்து புதிதாக ஆறு வருடம். 2025 நவம்பரில் போட்ட வழக்கில் ஜூலை மாதக் கூலியும் பிழைத்திருக்கும்.

2. கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட எழுத்து. வாயால் ஒப்புக்கொண்டது போதாது.

இந்த இரண்டும் கடனுக்கும், தொகை நிர்ணயமான பாக்கிக்கும்தான். அழுகிய பழம் போன்ற, நீதிமன்றம் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டிய நஷ்ட ஈட்டுக்கு இவை பொருந்தாது. லோரிக்காரர், "ஆமாம், அந்த இரண்டு மாதம் என் தவறுதான்" என்று எழுதிக் கையெழுத்தே போட்டுக் கொடுத்திருந்தாலும் 15,000 வெள்ளிக் கோரிக்கையின் காலம் நீளாது. கூலிப் பாக்கிக்காரருக்கு இருக்கும் வசதி நஷ்டப்பட்டவருக்கு இல்லை. வாய்ப்பேச்சு ஒப்பந்தங்களில் வேலை கொடுத்தவர் பெரும்பாலும் நஷ்டம் கேட்பவராகவும், வேலை செய்தவர் கூலி கேட்பவராகவும் இருப்பதால், இந்த வேறுபாடு எதிர்வழக்குப் போடுபவர்களைத்தான் அதிகம் தாக்குகிறது.

காலம் முடிந்த கடனுக்கும் ஒரு வாசல் உண்டு. அதைக் கொடுக்கிறேன் என்று கடன்பட்டவர் புதிதாக எழுதிக் கையெழுத்திட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி அது புது ஒப்பந்தமாகிவிடும். வழக்குக்கு நடுவில் சமாதானம் என்று யாராவது தாள் நீட்டினால், கையெழுத்துப் போடுமுன் இதை நினைவில் வையுங்கள்.

மீறிய தேதியை நிரூபிப்பது

வாய்ப்பேச்சு வழக்குகளில் பேச்சு நடந்ததை நிரூபிப்பதைவிட, அது எந்த நாளில் மீறப்பட்டது என்று காட்டுவதே கடினம் என்பது என் கருத்து. பேசியபோது பக்கத்தில் நின்றவர் சாட்சி சொல்வார். வாய்மொழிச் சாட்சியத்தை 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் ஏற்கிறது. ஆனால் ஆறு வருடம் கழித்து, "மே மாதமா, ஆகஸ்டா?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் எந்தச் சாட்சியும் தடுமாறுவார். எதிர்வழக்கு பிழைப்பதும் போவதும் அந்த மாதத்தில்தான் இருக்கிறது.

தேதி தாங்கிய சின்னத் தாள்கள் இதற்கு உதவும். செம்பனையில் மிக நல்ல சாட்சி ஆலையின் எடைச் சீட்டு. ஒவ்வொரு லோரிக்கும் தேதி, நேரம், லோரி எண், எடை எல்லாம் அதில் இருக்கும். வருடம் முழுக்க மாதம் இரண்டு தடவை சீட்டு வந்திருக்க, மே, ஜூனில் மட்டும் ஒரு சீட்டும் இல்லை என்றால், லோரி வரவில்லை என்பதை யாரும் வாயால் சொல்லவே தேவையில்லை. பழம் விற்கும் கொள்முதல் மையத்தின் மாதக் கணக்கும் இதே வேலையைச் செய்யும். வீட்டு வேலையாக இருந்தால் ஹார்ட்வேர் கடை பில், வங்கியில் பணம் போட்ட ரசீது, பாதி முடிந்த கூரையைப் பிடித்த கைப்பேசிப் படம்.

வாட்ஸ்அப் செய்தியும் சாட்சியமாகலாம். உரையாடலை முழுதாக, தேதியும் எண்ணும் தெரியும்படி எடுத்து வைக்க வேண்டும். நமக்குச் சாதகமான நான்கு வரியை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுத்தால், மீதியை ஏன் மறைத்தார் என்ற கேள்விதான் முதலில் எழும். கைப்பேசி மாற்றும்போது பழைய செய்திகள் அழிந்துபோவது சாதாரணம். தகராறு தொடங்கிய அன்றே அதைப் பதிவிறக்கி இன்னொருவரிடமும் ஒரு நகல் கொடுத்து வைப்பது நல்லது.

5,000 வெள்ளிக்கு உட்பட்டால்

தொகை 5,000 வெள்ளிக்கு மேற்படாவிட்டால் தனிநபர் ஒருவர் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை முறையில் வழக்குப் போடலாம். வழக்கறிஞர் இல்லாமல் இரு தரப்பும் நேரில் வாதிடும் முறை இது. வாதி 198-ஆம் படிவத்தை நிரப்புகிறார். அது கிடைத்தவர் 14 நாளுக்குள் 199-ஆம் படிவத்தில் எதிர்வாதத்தைத் தர வேண்டும், எதிர்க்கோரிக்கையையும் அதிலேயே எழுதலாம். சிறிய தொகை என்பதால் ஆறு ஆண்டுக் கணக்கு மாறுவதில்லை. அதனால் அந்தப் படிவத்தை நிரப்பும்போது நஷ்டத் தொகையை மட்டும் எழுதாமல், பேச்சு மீறப்பட்ட தேதியையும், வாதியின் கோரிக்கையில் காலம் கடந்த பகுதி இருந்தால் அது எந்த மாதம் என்பதையும் தனி வரியாக எழுத வேண்டும்.